வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள்: ஓர் ஒப்பீடு

நெஞ்செரிச்சல், புளியேப்பம், மேல்வயிற்றில் எரியும் வலி ஆகிய மூன்றும் உழைக்கும் மக்களிடையே பரவலாகக் காணப்படும் தொல்லைகளாகும். இவற்றையெல்லாம் "கேஸ் டிரபிள்" என்னும் ஒரே சொல்லில் அடக்கி, கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடியும் வேலைக்குத் திரும்புவது நம்மில் பலருடைய வழக்கமாகிவிட்டது. நூலின் நம்பரைக் கேளாமல் நெசவாளர் நூல் வாங்குவதில்லை. ரகத்தைக் கேளாமல் விவசாயி விதை வாங்குவதில்லை. ஆயினும், உடலுக்குள் செல்லும் மாத்திரையை மட்டும் அதன் பெயரைக்கூடக் கேளாமல் வாங்குகிறோம். தணிக்கையின் பொருட்டுச் சங்கம் சங்கமாகச் செல்லும்போது, தறிக் குழியின் ஓரத்திலும் களத்து மேட்டிலும் இத்தகைய மாத்திரை அட்டைகளைக் காணாத ஊர் அரிது.

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும், அவை மூன்று வேறு வகையினவாம். அவை வேலை செய்யும் இடம் வேறு, வேகம் வேறு, உட்கொள்ளும் முறையும் வேறு. எதற்கு எதைக் கொள்வது என்பதை அறிந்தால் காசும் மிஞ்சும், உடலும் பிழைக்கும். அறியாவிடில், வலி அடங்கிவிட்டது என்று நாம் எண்ணியிருக்கையில் நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். இக்கட்டுரை டாக்டரின் சீட்டுக்கு ஈடாகாது. டாக்டர் தரும் சீட்டை விளங்கிக்கொள்வதற்கு ஒரு துணை மட்டுமே.

அமிலம் எதற்காக?

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது என்பதை 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். அமெரிக்க இராணுவ மருத்துவரான வில்லியம் போமாண்ட், துப்பாக்கிக் குண்டினால் வயிற்றில் நிரந்தரத் துளை ஏற்பட்ட ஒரு தொழிலாளியின் இரைப்பையைப் பல ஆண்டுகள் நேரில் ஆராய்ந்து, 1833-இல் தம் நூலை வெளியிட்டார். உணவு செரிக்கும் விதம் இவ்வாறு தெளிவாயிற்று.

அமிலம் நமக்குப் பகையன்று. அது புரதத்தைச் செரிக்கும் பெப்சினைத் தூண்டுகிறது. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்கிறது. இரும்பு, கால்சியம், பி12 வைட்டமின் ஆகியவற்றை உடல் ஏற்கத் துணைபுரிகிறது. இரைப்பையின் உட்சுவரில் படர்ந்துள்ள சளிப்படலம் அமிலம் சுவரை அரிக்காதபடி காக்கிறது. இந்தக் காவல் கெடும்போதோ, அமிலம் மேலேறி உணவுக் குழாய்க்குள் வரும்போதோ தான் தொல்லை பிறக்கிறது. ஆகவே, நோயின் காரணம் பெரும்பாலும் அமில மிகுதியன்று. காவலின் குறைவே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அமிலம் சுரக்கும் செல்லுக்கு மூன்று வழிகளில் கட்டளை வருகிறது. நரம்பின் வழியே வருவது ஒன்று. காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் மற்றொன்று. ஹிஸ்டமின் என்னும் பொருள் மூன்றாவது. எவ்வழியாகக் கட்டளை வந்தாலும், கடைசியில் அமிலத்தை வெளியே தள்ளுவது அச்செல்லிலுள்ள ஒரு பம்பேயாகும். இதனைப் புரோட்டான் பம்பு என்பர். வாய்க்கால் மூன்றானாலும் மதகு ஒன்றே என்று கொள்ளலாம். வயலில் நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றுவது ஒரு முறை; ஒரு வாய்க்காலை அடைப்பது இன்னொரு முறை; மதகையே மூடுவது மூன்றாவது முறை. மூவகை மருந்துகளும் இவ்வாறே.

முதல் வகை: அமிலத்தை முறிப்பவை

ஏற்கெனவே சுரந்து நிற்கும் அமிலத்தை முறித்துச் செயலற்றதாக்குபவை இவை. அலுமினியம் ஹைட்ராக்சைடு, மக்னீசியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட் ஆகியன இவ்வகையில் அடங்கும். ஜெலுசில், டைஜீன் என்னும் பெயர்களில் நாம் வாங்கும் மருந்துகளிலும், ஈனோவிலும், வீட்டிலுள்ள ஆப்ப சோடாவிலும் இருப்பவை இவையே.

இவற்றின் சிறப்பு வேகம். சில நிமிடங்களில் எரிச்சல் தணியும். இவற்றின் குறை, பலன் நெடுநேரம் நில்லாமை. வெறும் வயிற்றில் கொண்டால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் இரைப்பை அம்மருந்தைக் கீழே தள்ளிவிடும். உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டால் இரண்டு மூன்று மணி நேரம் பலன் தரும். அலுமினியம் மலச்சிக்கலையும், மக்னீசியம் வயிற்றுப் போக்கையும் உண்டாக்கும். இவை இரண்டையும் சேர்த்துத் தயாரிப்பதன் காரணம் இதுவே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இவை இரண்டும் உடலில் தங்கித் தீங்கு செய்யும்.

ஆப்ப சோடாவில் சோடியம் மிகுதி. எனவே இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதனை விலக்க வேண்டும். மேலும், இவ்வகை மருந்துகள் இரும்புச் சத்து மாத்திரையையும், டாக்சிசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் போன்ற கிருமிக் கொல்லிகளையும் உடல் ஏற்காதபடி தடுக்கின்றன. ஆதலால் இரண்டிற்கும் இடையே குறைந்தது 2 மணி நேரமாவது இருக்க வேண்டும். தைராய்டு மாத்திரையாயின் 4 மணி நேரம் வேண்டும்.

இரண்டாம் வகை: ஹிஸ்டமின் வழியை அடைப்பவை

1970-க்கு முன் குடற்புண் முற்றியவர்களுக்கு இரைப்பையின் ஒரு பகுதியையோ, அதற்குச் செல்லும் நரம்பையோ அறுத்து நீக்குவது வழக்கமான சிகிச்சையாக இருந்தது. ஒவ்வாமைக்குத் தரப்படும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் வயிற்று அமிலத்தைச் சிறிதும் குறைப்பதில்லை என்பதைக் கவனித்த ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி, வயிற்றில் ஹிஸ்டமின் வேறொரு வாயிலின் வழியே வேலை செய்கிறது என்று தெளிந்து, அதனை அடைக்கும் மருந்தைத் தேடினார். அவரும் அவருடன் உழைத்தவர்களும் கண்ட சிமெட்டிடின் 1976-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அறுவைச் சிகிச்சைகள் பெரிதும் குறைந்தன. பிளாக் 1988-இல் நோபெல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். 1981-இல் ரானிடிடினும் பின்னர் பாமோடிடினும் வந்தன.

இவை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் வேலை தொடங்கி, 8 முதல் 12 மணி நேரம் வரை பலன் தரும். இரவில் சுரக்கும் அமிலத்தைக் குறைப்பதில் இவை திறமையுடையவை. ஆயினும், நாள்தோறும் தொடர்ந்து கொண்டால் ஓரிரு வாரங்களில் உடல் பழகிப்போய்ப் பலன் குறையும். எப்போதாவது வரும் எரிச்சலுக்கு இவை ஏற்றவை. மாதக் கணக்கில் நம்பத் தக்கவையல்ல. முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அளவைக் குறைக்க வேண்டும்.

ரானிடிடினைப் பற்றி ஒரு செய்தி. ரான்டாக், ஜினடாக் என்ற பெயர்களில் வந்த இம்மருந்தை அறியாத குடும்பம் நம் நாட்டில் அரிது. புற்றுநோயை உண்டாக்கக் கூடுமெனக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்னும் பொருள் இதில் இருப்பது 2019-இல் வெளியாயிற்று. மருந்து பழையதாக ஆக, வெப்பமான இடத்தில் இருக்க இருக்க, அப்பொருள் மிகுவதும் தெரியவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அங்கே ரானிடிடின் அனைத்தையும் விற்பனையிலிருந்து நீக்கக் கோரியது. 2022 செப்டம்பரில் இந்திய அரசு வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் இது விடப்பட்டது. முன்னர் உண்டவர்கள் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. ஆனால் வீட்டில் பழைய அட்டை கிடந்தால் அதனை விட்டுவிட்டு, பாமோடிடின் போன்ற மாற்று மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்பது நலம்.

மூன்றாம் வகை: பம்பையே நிறுத்துபவை

ஸ்வீடனில் உருவாகி 1988-இல் விற்பனைக்கு வந்த ஓமிபிரசோல் இவ்வகையின் முதல் மருந்து. பான்டபிரசோல், ரபிபிரசோல், எசோமிபிரசோல், லான்சோபிரசோல் ஆகியவை பின்னர் வந்தவை. "பிரசோல்" என்று முடியும் பெயரைக் கண்டால் இவ்வகை என்று கொள்ளலாம். மூவகையிலும் அமிலத்தை மிகுதியாகக் குறைப்பவை இவையே. சிறுகுடலின் தொடக்கத்தில் உண்டான புண் பெரும்பாலும் 4 வாரங்களிலும், இரைப்பைப் புண் 8 வாரங்களிலும் இவற்றால் ஆறுகின்றன.

இவற்றை உட்கொள்ளும் முறையிலேதான் பலர் தவறுகின்றனர். இம்மருந்து ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே பிடித்து நிறுத்தும். பம்புகள் விழித்தெழுவதோ உணவு உண்ணும்போது. ஆகவே உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்திற்கு முன் இதனைக் கொள்ள வேண்டும்; காலை உணவுக்கு முன் கொள்வது சிறந்தது. உணவுக்குப் பிறகோ, படுக்கப் போகும்போதோ விழுங்கினால் முழுப் பலன் கிட்டாது. மாத்திரையின் மேற்பூச்சு, அமிலத்தில் மருந்து அழிந்துவிடாமல் காப்பதற்காக அமைந்தது. ஆதலால் அதனை உடைத்தோ, மென்றோ, பொடித்தோ உண்ணலாகாது.

மேலும், முதல் நாளிலேயே முழுக் குணம் தெரியாது. ஒரு நாளில் எல்லாப் பம்புகளும் நிற்பதில்லை. மூன்று நான்கு நாட்களில்தான் முழுப் பலன் தெரியும். எனவே எரியும்போது ஒன்று போட்டுக்கொள்வது என்னும் வழக்கம் இவ்வகைக்குச் சிறிதும் பொருந்தாது. உடனடி நிவாரணத்திற்கு முதல் வகையே தகும்.

இவ்வகையைச் சேர்ந்த பல மருந்துகளுக்குள் பெரிய வேற்றுமை இல்லை. ஓமிபிரசோல் 20 மில்லிகிராமும், பான்டபிரசோல் 40 மில்லிகிராமும், ரபிபிரசோல் 20 மில்லிகிராமும் வழக்கமான அளவுகளாம். அவற்றுள் விலை மிகுந்ததே வீரியம் மிகுந்தது என்று கருத இடமில்லை. ஒரு வேற்றுமை மட்டும் குறிப்பிடத்தக்கது. இருதய நோய்க்காகக் குளோபிடோகிரல் உண்பவர்களுக்கு ஓமிபிரசோலும் எசோமிபிரசோலும் அம்மருந்தின் பலனைக் குறைக்கும்; ஆதலின் டாக்டர்கள் அவர்களுக்குப் பெரும்பாலும் பான்டபிரசோலைத் தருவர். இதே பம்பை வேறொரு விதமாக நிறுத்தும் வோனோபிரசான் என்னும் புதிய மருந்துக்கு ஜப்பான் 2014-இல் அனுமதி அளித்தது. அது விரைவில் வேலை தொடங்கும்; உணவு நேரத்தையும் பார்க்க வேண்டுவதில்லை.

ஆண்டுக் கணக்கில் உண்பதன் விளைவு

குறிப்பிட்ட வாரங்களுக்கு இம்மூன்றாம் வகையை உண்பது பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது. ஆண்டுக் கணக்கில் தொடர்ந்தாலோ, பி12 வைட்டமின் குறைவு, மக்னீசியம் குறைவு, குடற்கிருமிகளால் வரும் பேதி, எலும்பு முறியும் வாய்ப்பு, அரிதாகச் சிறுநீரக அழற்சி ஆகியவை கூறப்படுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல வாரங்கள் உண்டு திடீரென நிறுத்தினால், அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கும். 2009-இல் டென்மார்க்கில் வெளியான ஆய்வொன்றில், வயிற்று நோயே இல்லாத 120 பேரில் ஒரு பாதியினருக்கு 8 வாரங்கள் எசோமிபிரசோலும், மறுபாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தந்து நிறுத்தினர். நிறுத்திய பின் மருந்துண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கும் எரிச்சல் முதலிய குறிகள் தோன்றின. "மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்புகிறது, எனவே இது எனக்கு ஆயுள் முழுவதும் வேண்டும்" என்று பலர் முடிவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். திடீரென நிறுத்தாமல், டாக்டரின் யோசனைப்படி அளவைப் படிப்படியாகக் குறைத்து, இடையில் தோன்றும் எரிச்சலுக்கு முதல் வகையைப் பயன்படுத்துவது நல்ல முறை. அதே சமயம், நீண்ட காலம் உண்ண வேண்டிய நோயாளிகளும் உளர். அவர்கள் இக்கட்டுரையைப் படித்துத் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது.

சுருக்கமான ஒப்பீடு

1. வேகம்: முதல் வகை, சில நிமிடங்கள், இரண்டாம் வகை, அரை மணி முதல் ஒரு மணி நேரம், மூன்றாம் வகை, முழுப் பலனுக்கு மூன்று நான்கு நாட்கள்.

2. பலன் நிற்கும் காலம்: முதல் வகை, அரை மணி முதல் 3 மணி நேரம், இரண்டாம் வகை, 8 முதல் 12 மணி நேரம், மூன்றாம் வகை, ஒரு நாளும் அதற்கு மேலும்.

3. கொள்ளும் நேரம்: முதல் வகை, உணவுக்குப் பின் அல்லது எரியும்போது, இரண்டாம் வகை, தொல்லை தரும் உணவுக்கு முன் அல்லது இரவில், மூன்றாம் வகை, உணவுக்கு முன் மட்டும்.

4. ஏற்ற நோய்: முதல் வகை, எப்போதாவது வரும் எரிச்சல், இரண்டாம் வகை, வாரத்தில் ஓரிரு முறை வரும் தொல்லை, இரவு எரிச்சல், மூன்றாம் வகை, புண்ணும், அடிக்கடி மேலேறும் அமிலமும்.

வலி மாத்திரையும் குடற்புண்ணும்

தறியில் குனிந்து உட்கார்ந்து நெய்பவர்களுக்கு முதுகும் முழங்காலும் வலிக்கின்றன. நாற்று நடுபவர்களுக்கும் களை எடுப்பவர்களுக்கும் இடுப்பு வலிக்கிறது. வேலை நின்றால் கூலி நிற்கும். எனவே டைக்குளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் நாள்தோறும் உட்செல்கின்றன. ஆஸ்பிரினும் அதன் இனத்தவையும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன என்பதை 1971-இல் ஜான் வேன் என்னும் ஆங்கில விஞ்ஞானி விளக்கினார். இரைப்பையின் சளிப்படலத்தைப் பேணுவதும் அதே புரோஸ்டகிளாண்டினே. ஆகவே, வலி தணியும்போதே வயிற்றின் காவலும் தளர்கிறது. வலி சிறிதும் தோன்றாமலே புண் உண்டாகி, முதல் அறிகுறியே இரத்த வாந்தியாக இருப்பதும் உண்டு.

இத்தகையவர்கள் செய்வது யாது? காலையில் வலி மாத்திரை, மாலையில் வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் என்று ஓட்டுகின்றனர். இரண்டாவது மாத்திரை எரிச்சலை மறைக்கிறதேயன்றிப் புண்ணைத் தடுப்பதில்லை. வலி மாத்திரை தவிர்க்க முடியாததாயின், பாதுகாப்பாக மூன்றாம் வகை மருந்தைச் சேர்த்துத் தருவது டாக்டரின் முடிவாக இருக்க வேண்டும். பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேட்பது நலம். உரிய அளவில் கொண்டால் அது வயிற்றை அவ்வளவாகப் புண்படுத்துவதில்லை. இருதய நோய்க்காக டாக்டர் தந்த ஆஸ்பிரினை மட்டும் தாமாக நிறுத்தலாகாது.

கிருமியினால் வரும் புண்

கவலையும் காரமும் குடற்புண்ணை உண்டாக்குகின்றன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். பிறர் நம்ப மறுத்தமையால், 1984-இல் மார்ஷல் தாமே அக்கிருமியைக் குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிட்டியது.

இக்கிருமி பலருடைய வயிற்றில் தீங்கின்றி வாழ்கிறது. சிலருக்கே புண்ணும், மிகச் சிலருக்குப் புற்றுநோயும் உண்டாகின்றன. இது காரணமாயின், அமிலத்தைக் குறைக்கும் மருந்து மட்டும் உண்டால் புண் ஆறி ஆறி மீண்டும் வரும். பிரசோல் வகையோடு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிக் கொல்லிகளைப் பெரும்பாலும் 14 நாட்கள் விடாமல் உண்டால் கிருமி ஒழியும். புண் திரும்புவதும் பெரிதும் நிற்கும். நான்கு நாளில் வலி நின்றதென்று இடையில் விட்டுவிட்டால், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். மூச்சின் வாயிலாகவோ மலத்தின் வாயிலாகவோ இதனைச் சோதித்தறியலாம். சோதனைக்கு 2 வாரம் முன்னதாகவே பிரசோல் மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையெனக் காட்டும். உண்டுவரும் மாத்திரைகளையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுவதன் அவசியம் இதனால் விளங்கும்.

மாத்திரையால் ஆகாதவை

கீழ்க்கண்ட குறிகளில் ஒன்று தோன்றினும் கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1. இரத்த வாந்தி, அல்லது தார் போன்று கறுத்துப் பிசுபிசுக்கும் மலம். (இரும்புச் சத்து மாத்திரை உண்பவர்களுக்கும் மலம் கறுக்கும்; அதனை டாக்டரிடம் கூறுக.)

2. விழுங்குவதில் தடை, உணவு நெஞ்சில் சிக்குதல்.

3. காரணமின்றி உடல் மெலிதல், சோகை, ஓயாத வாந்தி.

4. ஐம்பது வயதைத் தாண்டிய பின் முதன் முறையாகத் தோன்றும் தொல்லை.

5. நெஞ்சில் இறுக்கமும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும், வியர்வையும். இதனை "கேஸ்" என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருந்து மாரடைப்பால் மாண்டவர் பலர். 108 ஆம்புலன்சை உடனே அழைக்க வேண்டும்.

மருந்துக்கு முன் செய்யத் தக்கவையும் சில உண்டு. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுதல், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அரை அடி உயரத்திற்குக் கட்டை வைத்தல், இடப்பக்கம் சாய்ந்து படுத்தல், பீடியையும் புகையிலையையும் மதுவையும் விடுதல், மிகுந்த உடல் எடையைக் குறைத்தல் ஆகியன அமிலம் மேலேறுவதைக் குறைக்கும். பால் குடித்தால் எரிச்சல் சற்று அடங்கும். ஆனால் அதன் புரதமும் கால்சியமும் பின்னர் அமிலத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்யும். ஆதலால் பாலை மருந்தாகக் கருதலாகாது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

அட்டையில் கம்பெனி இட்ட பெயரும் மருந்தின் பெயரும் இருக்கும். அறிய வேண்டியது மருந்தின் பெயரே. அதனைப் படிப்பிக்கக் கேளுங்கள். பான்டபிரசோலுடன் டோம்பெரிடோன் சேர்த்த மாத்திரைகள் மிகுதியாக விற்கப்படுகின்றன. டோம்பெரிடோன் அமிலத்தைக் குறைப்பதன்று, குமட்டலுக்கானது. இருதயத் துடிப்பைப் பாதிக்கக் கூடுமென்பதால் 2014-இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியது. தேவையற்ற மருந்தை எரிச்சலுக்காக ஏன் உண்ண வேண்டும்?

இம்மருந்துகள் பொதுப் பெயரில் மலிவாகக் கிடைக்கின்றன. கூட்டுறவு மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் விசாரிக்கலாம். ஆனால் மலிவென்பதற்காக மிகுதியாக வாங்கிச் சேமிப்பது சிக்கனமாகாது.

எந்த மருந்து, எந்த வேளை, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது ஆகிய நான்கு வினாக்களுக்கும் விடை பெறாமல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரலாகாது. சங்கக் கூட்டங்களுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தின் டாக்டரை ஆண்டுக்கொரு முறை அழைத்து, அங்கத்தினர்கள் தாங்கள் உண்ணும் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து காட்டி ஐயம் தீர்த்துக்கொள்ள நிர்வாகக் குழுவினர் ஏற்பாடு செய்யலாம். செலவில்லாத காரியம் இது. ஓர் அங்கத்தினரின் இரத்தப் போக்கைத் தடுத்தாலும் அது பெரும் பயனேயாகும்.